ஆளைப் பார்த்து பிபி சொல்லாதீங்க

"நாளெல்லாம் தோட்டத்துல பாடுபடறவனுக்கு பிபி எங்கீங்க வரப்போகுது?" காங்கயம் பக்கமோ கோபி பக்கமோ எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஆளைப் பார்த்தே முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் பெண்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கும் பிபி 140/90-ஐ எட்டியிருந்தது, அல்லது மாத்திரையில் இருந்தார்கள். நாட்டுச் சராசரி ஆண்களில் 24, பெண்களில் 21 சதவீதம். இதில் காட்டுவேலை செய்பவர்களும் அடக்கம். உழைப்பு நல்லதுதான். ஆனால் பழைய சோற்றுக்கு ஊறுகாய், மதியம் அப்பளம், சாயங்காலம் பேக்கரியில் டீயோடு பஃப்ஸ் என்று போனால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு எப்போதோ தாண்டிவிடும். (இந்துப்பும் உப்புதான்!)

அடுத்தது, வீட்டுப் பெண்களை விட்டுவிடுவது. அப்பாருக்குத் தனி மாத்திரை டப்பாவே இருக்கும். ஆத்தாவின் கையில் ஒருதரம்கூட பிபி பார்க்கும் பட்டை சுற்றியிருக்க மாட்டார்கள். இளவயதில் பெண்களுக்குக் குறைவு என்பது உண்மை. மாதவிடாய் நின்றபின் அந்த இடைவெளி மறைந்துவிடும். பிள்ளைப்பேற்றில் பிபி ஏறியவர்களுக்குப் பின்னாளில் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

மாவட்டக் கணக்கை வைத்து "எங்க ஊரு பரவால்ல" என்பதும் சரியில்லை. கொங்கில் பிள்ளைப்பேறு சீக்கிரமே குறைந்துவிட்டது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட கிராமத்தில் வயசாளிகளே மிஞ்சியிருப்பதால் பிபிக்காரர்கள் கூடுதலாகத் தெரிவார்கள். திருப்பூர் மாதிரி இளவட்டம் வந்து குவியும் ஊரில் சராசரி தாழ்ந்து காட்டலாம். அதற்காக பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கும் முப்பது வயதுக்காரர் தப்பித்தார் என்று ஆகாது. ஒரே வயதுக்காரர்களை ஒப்பிட்டால்தான் ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம் புரியும்.

"வயசோட நூறைக் கூட்டிக்கங்க, அது இருந்தாப் போதும்" என்ற பழைய கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். எழுபது வயதில் பிபியின் மேல் அளவு 170 என்பது சாதாரணம் இல்லை.

பார்க்கும் விதத்திலும் கோளாறு உண்டு. முகாமில் வேகமாக வந்து உட்கார்ந்து, டீ குடித்த வாயோடு பேசிக்கொண்டே, சட்டைக்கை மேல் பட்டை சுற்றிப் பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க. முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பாருங்க. நாமக்கல் லாரி டிரைவர்கள் சிலருக்குப் புஜம் நல்ல பருமன். சாதாரணப் பட்டை அவர்களுக்கு இல்லாத பிபியைக் காட்டும், பெரிய பட்டை கேட்க வேண்டும்.

தலைசுற்றினால் மட்டும் மாத்திரை போடுவது, தைப்பூசத்துக்குப் பழனி நடக்கையில் நிறுத்திவிடுவது இரண்டுமே ஆபத்து. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கினால் நீங்களாக விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார்.