பழுதான ஹார்ட் டிஸ்க்: முதலில் இமேஜ், பிறகுதான் ரிப்பேர்

இமேஜ் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே ஒரே கோப்பாக எடுக்கும் நகல். டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செக்டிஸ்க் (விண்டோஸ்), எஃப்எஸ்சிகே (லினக்ஸ்) என்ற பழுதுபார்க்கும் கருவிகளின் பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம். ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவின், கணக்கைச் சரிக்கட்டுவதுதான் அவற்றின் வேலை. செக்டார் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) படிக்க முடியாமல் ஒரு ஃபோல்டரின் பதிவு அரைகுறையாகத் தெரிந்தால், அதைக் குப்பை என்று வெட்டிவிட்டுக் கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்லும்.

1. சத்தத்தைக் கேளுங்கள்

'டக்... டக்' என்று சீரான சத்தம் வந்தாலோ, சுழல ஆரம்பித்து நின்றுபோனாலோ ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) அல்லது மோட்டார் கோளாறாக இருக்கலாம். உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஓடவிட்டால் ஹெட், தகவல் பதிந்திருக்கும் தட்டையே சுரண்டிவிடலாம். மூடியைத் திறப்பதும் ஃப்ரீசரில் வைப்பதும் இருப்பதையும் கெடுக்கும். இது தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணரின் வேலை.

சத்தம் இல்லையென்றால் கேபிளையும் யூஎஸ்பி பெட்டியையும் மாற்றிப் பாருங்கள். பிறகு டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களை லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொண்டு படியுங்கள். 199-ஆம் எண் (தகவல் பரிமாற்றப் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. 5, 197, 198 (மாற்றப்பட்ட அல்லது படிக்க முடியாத செக்டார்களின் எண்ணிக்கை) ஆகியவை பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் தட்டிலேயே பழுது. எஸ்எஸ்டி அடியோடு காணாமல் போயிருந்தால் இந்த முறை உதவாது.

2. இமேஜ் எடுங்கள்

தேவை: லைவ் லினக்ஸ் (கணினியில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பென்டிரைவ், பழுதான டிஸ்க்கைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க். அந்தப் பெரிய டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது. அதில் 4 ஜிபியைத் தாண்டி ஒரே கோப்பு நிற்காது. பழுதான டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள் (கோப்புகளைத் திறக்கும்படி இணைப்பதுதான் மவுன்ட்). அதன் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சரிபாருங்கள்.

இமேஜ் எடுக்கும் டிடிரெஸ்க்யூ கட்டளைக்கு வரிசையாக மூன்று பெயர்கள் தர வேண்டும்: பழுதான டிஸ்க், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு. இமேஜைக் கோப்பாக எழுதும்போது 'ஃபோர்ஸ்' (கட்டாயப்படுத்தி எழுது) தெரிவு தேவைப்படாது. அதைக் கேட்கிறதென்றால் இலக்கின் இடத்தில் டிஸ்க்கின் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள், நிறுத்துங்கள்.

முதல் ஓட்டம் 'நோ-ஸ்கிரேப்' தெரிவுடன். நல்ல பகுதிகளை முதலில் அள்ளி, சிக்கலான இடங்களைத் தள்ளிவைக்கும். டிஸ்க் எப்போது கண்ணை மூடும் என்று தெரியாதபோது இதுதான் சரியான வரிசை. வினாடிக்கு 100 எம்பி கிடைத்தால் 1 டிபிக்குக் கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம். பழுதான டிஸ்க்கில் நாள் கணக்கிலும் இழுக்கும். பிறகு அதே மூன்று பெயர்களுடன் 'ஐடைரக்ட்' (டிஸ்க்கை நேரடியாகப் படி), 'ரீட்ரை-பாஸஸ்=3' (கெட்ட இடங்களை மூன்று முறை மறுபடி முயல்) சேர்த்து இரண்டாம் ஓட்டம்.

எங்கே விட்டோம் என்ற விவரம் மேப் கோப்பில்தான் இருக்கும். அதை லைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். இமேஜ் இருக்கும் டிஸ்க்கிலேயே வையுங்கள். பாதியில் டிஸ்க் மறைந்தால் நிறுத்தி, அணைத்து, மறுபடி செருகி, அதே மேப் கோப்புடன் தொடருங்கள். லினக்ஸ் அந்த டிஸ்க்குக்கு வைத்த எஸ்டிபி என்ற பெயர் எஸ்டிசி ஆகியிருக்கலாம், கவனம்.

3. இமேஜில் வேலை செய்யுங்கள்

பழுதான டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இடமிருந்தால் இமேஜுக்கும் ஒரு நகல் எடுத்து, இனி எல்லாமே அந்த நகலில். லூப் சாதனமாக (ஒரு கோப்பை டிஸ்க் போலக் காட்டும் வழி) இணைத்துப் படிக்க-மட்டும் முறையில் மவுன்ட் செய்யுங்கள். எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) என்றால் 'நோலோட்' சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஜர்னலை (முடியாத மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டப் பார்க்கும். மவுன்ட் ஆனால் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

ஆகவில்லையா? எக்ஸ்ட்4-இல் சூப்பர்பிளாக்குக்கு (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரப் பதிவு) மாற்றுப் பிரதிகள் உண்டு. 4096 பைட் பிளாக்கில் முதல் பிரதி 32768-ஆம் பிளாக்கில், அடுத்தது 98304-இல். அந்த எண்ணைக் கொடுத்து இ2எஃப்எஸ்சிகே (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே) ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி, பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் இருக்கும் பூட் செக்டார் நகலை எடுத்து முன்னால் போடும். பார்ட்டிஷன் அட்டவணை போயிருந்தாலும் அதுவே தேடித் தரும். எதுவும் நடக்காவிட்டால்தான் கோப்புகளை உள்ளடக்கத்தை வைத்துத் தேடியெடுக்கும் ஃபோட்டோரெக்: பெயர், ஃபோல்டர் எதுவும் மிஞ்சாது, துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட கோப்புகள் உடைந்தே வரும்.

4. எந்தக் கோப்பு ஊனம்?

புது இமேஜில் படிக்க முடியாத செக்டார்கள் வெறும் பூஜ்யங்களாக இருக்கும். கோப்பின் அளவு சரியாகவே காட்டும், திறந்தால்தான் தெரியும். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. எந்தக் கோப்பிலும் வராத ஒரு சொல்லை ஒரு சிறு கோப்பில் எழுதி, மேப் கோப்புடன் டிடிரெஸ்க்யூவின் 'ஃபில்-மோட்' மூலம் கெட்ட செக்டார்களை அந்தச் சொல்லால் நிரப்புங்கள் (நகலில் மட்டும்). மவுன்ட் செய்து, கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையில் அந்தச் சொல்லைத் தேடினால் ஊனமான கோப்புகளின் பட்டியல் வந்துவிடும்.