நிக்காஹ் முடிந்து லண்டன் வரும் இளம் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் தொழுகை நேரத்தை யாரும் தேடிப் போவதில்லை. பாங்கு சத்தம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சிவிடுவார்கள், பெருநாள் என்றைக்கு என்று ஹஜ்ரத் சொல்லிவிடுவார். கறிக்கடைக்குப் போய் "இது ஹலாலா?" என்று கேட்ட ஞாபகமே யாருக்கும் இருக்காது. தீனில் பிடிப்போடு வளர்ந்த பையனும் பெண்ணும் இதெல்லாம் தங்களுடைய பழக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதில் பாதியை ஊர்தான் சுமந்தது என்பது லண்டனில் வந்து இறங்கிய இரண்டாம் மாதத்தில் தெரியவரும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வரும் தம்பதிகளோடு பழகுகிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் முன்கூட்டியே பேசி வைத்தால் இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி நடக்காது. பேசாமல் விட்டால் அதன் பாரம் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

தேதி குறிக்கும் முன்பே

விசா என்ன வகை என்று தெரியாமல் நிக்காஹ் தேதி குறிப்பதுதான் முதல் தவறு. மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்கள் 2024 ஜனவரியிலிருந்து துணையை அழைத்து வர முடியாது. பிஎச்.டி. போன்ற ஆய்வுப் படிப்புக்குத்தான் அந்த அனுமதி இருக்கிறது. பராமரிப்பு இல்லங்களில் வேலைக்கு வந்தவர்களுக்கும் 2024 மார்ச் முதல் அந்தக் கதவு அடைபட்டது, 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் வழியே மூடப்பட்டுவிட்டது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிக் கல்யாணம் முடித்து, மாப்பிள்ளை ஒரு நாட்டிலும் பெண் ஒரு நாட்டிலுமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால், அரசின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்த பிறகே பேச்சை முடியுங்கள்.

அடுத்தது பதிவு. ஜமாஅத் தஃப்தரில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தினரும் திருமணத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். விசாவுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் எதிர்பார்ப்பார்கள். பாத்திமா என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். தஃப்தரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, பதிவுச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

இங்கிலாந்துக்கு வந்த பிறகு நிக்காஹ் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே பள்ளியில் நிக்காஹ் மட்டும் ஓதினால் சட்டம் அதைத் திருமணமாகவே எடுத்துக்கொள்ளாது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் மனைவிக்குரிய சட்ட உரிமை எதுவும் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காது. சிவில் பதிவையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். அதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவும் இல்லை.

அவளுக்கென்று ஒரு காகிதம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில், உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி அவர் பெயரில், கரண்ட் பில்லும் அவர் பெயரில். மனைவியின் இ-விசா கணக்கு (விசா விவரம் இருக்கும் இணையக் கணக்கு) கணவனின் மின்னஞ்சலிலும் கணவனின் போன் நம்பரிலும் இருக்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, "நான் பார்த்துக்கிறேன்" என்ற பொறுப்பில் செய்ததுதான். ஆறு மாதம் கழித்து அவள் வங்கிக் கணக்கு திறக்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள், காட்ட எதுவும் இருக்காது. "லாத்தா, நான் இங்கேதான் இருக்கேன்னு காட்ட ஒரு காகிதம்கூட இல்லை" என்று ஒரு பிள்ளை என் வீட்டு அடுப்படியில் நின்று அழுதாள். எம்.எஸ்சி. படித்தவள், ஊரில் ஆசிரியையாக இருந்தவள்.

வாடகை ஒப்பந்தத்தில் முதல் நாளே இரண்டு பேர் பெயரையும் போடுங்கள். கவுன்சில் வரிக்கும் அப்படியே. வந்த வாரத்திலேயே இருவரும் பக்கத்து ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. இ-விசா கணக்கு அவளுடைய மின்னஞ்சலில், அவளுடைய நம்பரில் இருக்கட்டும். வேலை செய்ய அனுமதி உண்டா என்று முதலாளி சரிபார்க்க, வேலைக்குச் சேரும்போது தர வேண்டிய ஷேர் கோடு என்ற குறியீடு அதிலிருந்துதான் வரும். தொழில்திறன் விசாவில் வந்தவரின் மனைவிக்கு இங்கே வேலை செய்யவும் படிக்கவும் அனுமதி உண்டு. இது தெரியாமலே பல பெண்கள் வருடக்கணக்கில் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

ஊர் லைசென்ஸ் வைத்திருந்தால் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை ஓட்டலாம், அப்புறம் இங்குள்ள டெஸ்ட் எழுதியாக வேண்டும். கணவன் மட்டும் பாஸ் செய்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், பஸ்ஸுக்கு நிற்கத் தயங்கியே பெண்கள் வீட்டுக்குள் முடங்குவார்கள்.

வீடு பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஸஃப்பில் பக்கத்தில் நின்று தொழுகிறவர், நம்ம ஊர்க்காரர், அவர் வீட்டில் ஒரு அறை என்றதும் எழுத்தில் எதுவும் இல்லாமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பணம் சாதாரணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. தனி வீடோ ஃப்ளாட்டோ எடுத்தால் அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் போட்டாக வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது குர்ஆன். அதைக் கேட்பதில் சங்கடப்பட வேண்டியதில்லை.

வேலையும் தொழுகையும்

டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் எட்டு மணிக்கு மேல் உதித்து, நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். லுஹர் பன்னிரண்டு மணிக்கு, ஷாஃபி அஸர் ஒன்றே முக்கால் வாக்கில், மஃரிப் நாலுக்குள். மூன்று வக்தும் வேலை நேரத்துக்குள் விழுகின்றன. கோடையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இது தெரியாது. லுஹரும் அஸரும் சௌகரியமாக அமைந்துவிடுவதால் யாரிடமும் சொல்லாமல் ஓட்டிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளியதும் எல்லாம் குலைந்துபோகும். அப்புறம் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்து தொழுவது, மேலாளரிடம் பாத்ரூம் போகிறேன் என்று சொல்வது, கடைசியில் கழாவாக விடுவது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தினம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு நிமிடம், ஒரு அமைதியான மூலை, வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை கொஞ்சம் நீளமாக. அந்த நேரத்தை வேலை முடிவில் ஈடு செய்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொழுகை அறை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நியாயமான காரணமின்றி மறுத்தால் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி அது பாகுபாடாகலாம். பெரும்பாலான இடங்களில் சட்டம் வரை போகவே வேண்டியிருக்காது, கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

ஒளு செய்வதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒரு தங்கை, கழிப்பறையில் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவாள். தரையெல்லாம் தண்ணீர், யாரோ வழுக்கப் பார்த்தார்கள், மறுநாள் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். வெட்கத்தில் அவள் வேலையையே விட இருந்தாள். தோல் காலுறை இருக்கிறதே என்று பள்ளியில் ஒரு மாமி சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. காலையில் முழு ஒளுவோடு கரண்டையை மூடும் தோல் காலுறையைப் போட்டுக்கொண்டால், ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகல் ஒரு இரவு வரை ஈரக் கையால் மேலே தடவினால் போதும். சாதாரண மெல்லிய பருத்திக் காலுறைக்கு ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் இந்தச் சலுகை இல்லை.

கோடையில் பிரச்சினை வேறு. ஜூனில் மஃரிப் ஒன்பது இருபதுக்கு. மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்குவதே இல்லை என்பதால், இஷாவும் சுப்ஹும் எப்போது என்பதில் பள்ளிக்குப் பள்ளி கணக்கு மாறும். போனில் மூன்று செயலிகளை வைத்துக்கொண்டு கணவன் ஒரு நேரத்திலும் மனைவி ஒரு நேரத்திலும் தொழுவது வீண் குழப்பம். உங்கள் பள்ளியின் அட்டவணையை வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். சில பள்ளிகளில் அந்த மாதங்களில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்தே தொழுவார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்பதை அங்குள்ள இமாமிடம் கேளுங்கள்.

எந்தப் பள்ளி?

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு பள்ளியை முடிவு செய்யாதீர்கள். இங்குள்ள பள்ளிகளில் நிறைய பாகிஸ்தான், வங்கதேச வழி வந்த ஹனஃபி ஜமாஅத்துகள். அஸர் நமக்குப் பழகியதைவிடப் பிந்தி நடக்கும், குத்பா விளக்கம் உருதுவில் இருக்கலாம். இதனால் தொழுகைக்கு ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் பின்னால் நின்று தொழலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. பெண்களுக்கு இடம் இருக்கிறதா? இருந்தால் எப்படிப்பட்ட இடம்? ஊரில் பெண்கள் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகாத தெருவில் வளர்ந்த பெண்ணுக்கும் இங்கே அது தேவைப்படும். அவளுக்கு ஒரு தோழி கிடைக்கும் இடம் அதுதான். கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் பெண்களுக்கென்றே மர்யம் மையம் என்ற கட்டடம் இருக்கிறது, ரீஜன்ட்ஸ் பார்க் பள்ளியிலும் இடம் உண்டு. தமிழ் பேசும் முகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாரோ பக்கம் இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. மாதம் ஒரு தடவையாவது இரண்டு பேரும் சேர்ந்து போய் வாருங்கள்.

பெருநாளைப் பற்றி ஒரே வார்த்தை. சவூதி பிறையைப் பின்பற்றும் பள்ளி ஒரு நாளும், அக்கம்பக்கத்துப் பிறையைப் பார்க்கும் பள்ளி மறுநாளும் கொண்டாடும். ஊரில் மூன்றாவது நாளாகக்கூட இருக்கலாம். அரசு விடுமுறையும் கிடையாது. நீங்கள் போகும் பள்ளி சொல்வதை எடுத்துக்கொண்டு, இரண்டு நாளைக்கும் முன்கூட்டியே விடுப்பு கேட்டு வையுங்கள்.

சாப்பாடும் சம்பளமும்

கறியில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். ஹலால் சான்று தரும் அமைப்புகளில் எச்.எம்.சி. முத்திரை இருந்தால் மயக்கமூட்டாமல் அறுத்தது, எச்.எஃப்.ஏ. முத்திரை இருந்தால் சில வகை மயக்கமூட்டலை அனுமதிப்பது. எதை ஏற்பது என்று தீர்மானித்துக்கொண்டால் முடிந்தது. கோட்டை விடுவது பிஸ்கட், மிட்டாய், சீஸ் அலமாரியில். சைவ முத்திரை இருந்தால் ஜெலட்டினும் சீஸ் உறையச் சேர்க்கும் கன்றுக்குட்டி ரென்னெட்டும் இருக்காது. ஆனால் சைவம் என்றாலும் ஒயின், ஆல்கஹால் சேர்ந்திருக்கலாம் என்பதால் பொருட்பட்டியலைப் படித்தாக வேண்டும்.

வேலையில் சேர்ந்ததும் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்குப் பிடிப்பார்கள். வட்டி கலந்த முதலீடு என்று தெரிந்ததும் பேணுதலான பிள்ளைகள் உடனே அதிலிருந்து விலகிவிடுகிறார்கள். விலகினால் முதலாளி போடும் குறைந்தபட்சம் 3 சதவீதமும் போய்விடும். நெஸ்ட் போன்ற ஓய்வூதிய நிறுவனங்களில் ஷரீஆ நிதி என்று தனியாகவே இருக்கிறது. உள்ளே போய் அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று: உங்கள் விசாவில் அரசு நிதியுதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். குழந்தை பிறந்ததும் தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று சைல்டு பெனிஃபிட் என்ற குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். அது விசாவையே பாதிக்கும்.

தலைப்பிரசவம்

ஊர் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா? விசா எடுக்கும்போது கட்டிய மருத்துவக் கட்டணத்திலேயே பிரசவம் அடங்கிவிடும், தனியாகப் பணம் இல்லை. பேறுகாலத் தாதியர் பெரும்பாலும் பெண்கள்தான். பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்பே கோப்பில் எழுதச் சொல்லலாம், அவசர நேரத்தில் கிடைப்பது உறுதியில்லை. மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், கேட்க வேண்டும். நோன்பு வைக்கும் எண்ணம் இருந்தால் தாதியிடம் மறைக்காதீர்கள். கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை கொடுத்தே வைத்திருக்கிறது.

ஊரில் பெற்றுக்கொள்வதென்றால், பிறக்கும் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் தனி விசாவும் எடுத்த பிறகுதான் திரும்பி வர முடியும். தந்தை குழந்தையைப் பார்க்க மாதங்கள் ஆகலாம். இங்கேயே பெற்றால், பெற்றோர் இருவரும் தற்காலிக விசாவில் இருக்கும்வரை குழந்தைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை தானாக வந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்ணின் உம்மாவை அழைப்பதானால் விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரைதான் தங்கலாம், அதற்கும் கடைசி நேரத்தில் ஓட முடியாது. இந்த முடிவை ஏழாம் மாதம் வரை தள்ளாமல், மூன்றாம் மாதத்திலேயே இரு வீட்டுப் பெரியவர்களோடும் பேசிவிடுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் அந்தப் பெண்ணுக்கு எங்கே பெற்றுக்கொள்ள விருப்பம் என்று அவளிடமே கேளுங்கள்.