‘சர்க்கரை இல்லை’ என்பதைப் பெற்றோர் எப்படியெல்லாம் தப்பாகப் படிக்கிறோம்

பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று இருக்கும். பிள்ளை வாயில் போட்டுப் பார்த்தால் தித்திப்பு. அப்படியானால் அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது? பின்பக்கம் பொடி எழுத்தில் 951, 955 என்று சில எண்கள் ஒளிந்திருக்கும். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டிகளின் எண்கள் அவை: 950 அசிசல்பேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. அஸ்பார்டேம் சர்க்கரையைவிட சுமார் 200 மடங்கு இனிக்கும், சுக்ரலோஸ் 600 மடங்கு. அதனால் கடுகளவு போட்டாலே போதும். முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாங்குவதுதான் முதல் தவறு.

அடுத்தது, பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைக்குப் போடுவது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அஸ்பார்டேமை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆதாரம் குறைவாக இருக்கும்போது போடுகிற பிரிவு அது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அது சொல்லாது. அளவைப் பார்க்கும் நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பையே வைத்துக்கொண்டது. உடனே, ‘ஒன்பது கேனுக்கு மேல் டயட் பானம் குடித்தால்தான் வரம்பைத் தாண்டும்’ என்று எல்லோரும் நிம்மதியானார்கள். அது 70 கிலோ ஆளுக்கான கணக்கு. 15 கிலோ குழந்தைக்கு வரம்பு 600 மில்லிகிராம். ஒரு கேனில் 300 இருந்தால் இரண்டே கேனில் முடிந்தது. ஒரு நாள் தாண்டிவிட்டால் விஷமாகிவிடாது. ஆயுள் முழுக்கத் தினமும் எடுத்துக்கொள்வதை மனதில் வைத்துப் போட்ட வரம்பு இது. ஆனால் ‘சுகர் ஃப்ரீ’ தயிர், ஜெல்லி, சூயிங் கம் என்று நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். எந்தப் பொருளில் எவ்வளவு என்று லேபிளில் பெரும்பாலும் இருப்பதும் இல்லை. அளவை அச்சிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-லேயே கேட்டது.

சரி, நன்மையே கிடையாதா? உண்டு. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, 18 மாதம் தினமும் 250 மில்லிலிட்டர் பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையில்லாத பானம் குடித்தவர்களுக்கு, மற்றவர்களைவிட சுமார் ஒரு கிலோ குறைவாகவே எடை கூடியது. ஆனால் அங்கே ஒப்பிட்டது சர்க்கரைப் பானத்தோடு. தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ‘ஆரோக்கியம்’ என்று டயட் பானம் வாங்கித் தருவதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுப்பது வேடிக்கை. எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. என்னைக் கேட்டால், குளிர்பானத்தை விடமுடியாத பிள்ளைக்கு டயட் பானம் கொஞ்ச நாளைக்கு ஒரு படிக்கட்டு. அதிலேயே உட்கார்ந்துவிட்டால் நாக்கு அந்தத் தித்திப்பையேதான் கேட்கும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு விளையாட்டுக்கு நடுவே சுகர் திடீரென்று இறங்கும். கை நடுங்கும், முகம் வெளுத்து வியர்க்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் கைக்குக் கிடைத்த டயட் பானத்தைக் கொடுப்பார். அது இனிக்கும், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது, நேரம்தான் வீணாகும். அந்த நேரத்தில் வேண்டியது குளுக்கோஸ் அல்லது நிஜச் சர்க்கரை போட்ட ஜூஸ், அதுவும் மருத்துவர் சொல்லிவைத்த அளவில். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

பல் விஷயத்தில் பாதி உண்மை ஓடுகிறது. இந்த இனிப்புகளால் சொத்தை வராது என்பது சரிதான். டயட் பானத்தில் இருக்கும் அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கும் என்பதும் சரிதான். சார்பிட்டால், மால்டிட்டால் என்ற வேறு வகை இனிப்பூட்டிகள் போட்ட மிட்டாயை அளவில்லாமல் தின்றால் வயிறு உப்பி, கழிச்சல் போகும். பிகேயு என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அஸ்பார்டேம் ஆகவே ஆகாது. அதில் உள்ள ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை அந்த உடம்பால் உடைக்க முடியாது. அப்புறம், ‘இயற்கையானது’ என்று தேனுக்கு மாறுவது. தேனும் சர்க்கரைதான், ஒரு வயதுக்குள் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கடும் நோய் வரவும் வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளையின் மருந்து சிரப்பில் 954 என்று பார்த்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கசப்பை மறைக்கப் போட்டது அது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை மருந்துக்கும் பற்பசைக்கும் பொருந்தாது.