அகழிப் போரை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப்போர் என்றதும் அகழிக்குள் முழங்கால் சேற்றில் நிற்கும் சிப்பாய்தான் கண்ணில் வருவான். அந்தக் காட்சி பொய்யில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு போரை விளக்கப் போனால்தான் வழுக்கிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அகழிகள்தான் இத்தனை உயிர்களைக் குடித்தன என்பது. பிரெஞ்சுப் படைக்கு மிகக் கொடிய நாள் 1914 ஆகஸ்ட் 22. அந்த ஒரே நாளில் சுமார் 27,000 பேர் இறந்தார்கள். அன்று அகழி வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. இயந்திரத் துப்பாக்கிக்கும் வேகமாகச் சுடும் பீரங்கிக்கும் எதிரே திறந்தவெளியில் ஓடியதால் செத்தார்கள். மண்ணைத் தோண்டியது பிழைப்பதற்காக. செப்டம்பரில் பிரான்சின் மார்ன் ஆற்றங்கரைச் சண்டை முடிந்ததும் ஜெர்மன் படையும் எதிரே பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் வளைக்கப் பார்த்து வடக்கே போய்க்கொண்டே இருந்தன. கடல் வந்துவிட்டது. நவம்பருக்குள் பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிஸ் எல்லைவரை சுமார் 700 கி.மீ. நீளத்துக்கு அகழிக் கோடு விழுந்தது.

அடுத்தது சொல்லிலேயே இருக்கிறது. ‘பதுங்குகுழி’ என்று எழுதினால் ஆள் ஒளியும் பள்ளம்தான் மனதில் வரும். இதுவோ கிலோமீட்டர் கணக்கில் ஓடும் வாய்க்கால் போன்றது. அகழி என்பதே பொருத்தம். முன்வரிசை, துணைவரிசை, இருப்புவரிசை என்று ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அவற்றை இணைக்கக் குறுக்கே வேறு அகழிகள். படம் வரைபவர்கள் நேர்கோடாக வரைந்துவிடுகிறார்கள். நேராக வெட்டினால் உள்ளே விழும் ஒரு குண்டின் சிதறல் நெடுக எல்லோரையும் அடிக்கும். ஒரு முனையில் எதிரி புகுந்தால் மறுமுனைவரை சுட்டுத் தள்ளுவான். அதனால்தான் சில மீட்டருக்கு ஒருமுறை மடித்து மடித்து வெட்டினார்கள். ஆழம் ஆள் உயரத்துக்கும் மேல் என்பதால், சுடுவதற்கு முன்சுவரை ஒட்டி ஒரு படி வேண்டும். தரையில் நீர் வடியப் பள்ளம், அதன்மேல் மரச்சட்டப் பலகை. பலகை அமிழ்ந்துவிட்டால் கால் ஊறிக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில் ஊறிய கால் மரத்துப்போய் அழுகும். ஈரமான காலுறையை மாற்றிக் காலில் திமிங்கல எண்ணெய் தேய்த்தார்களா என்று அதிகாரிகள் பார்ப்பது தினசரி வேலையானது.

இதையும் எல்லா இடத்துக்கும் பொதுவாக்கக் கூடாது. பெல்ஜியக் கடற்கரையை ஒட்டிய தாழ்நிலமான ஃபிளாண்டர்ஸில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்றெடுக்கும். அங்கே மணல் மூட்டைகளை அடுக்கி மேல்நோக்கிச் சுவர் எழுப்பினார்கள். வட பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை. ஜெர்மானியர் 10 மீட்டர் ஆழம்வரைகூட அறைகள் குடைந்தார்கள்.

சிப்பாய் ஆண்டுக்கணக்கில் முன்வரிசையிலேயே கிடந்தான் என்பதும் சரியில்லை. பிரிட்டிஷ் படையில் சில நாள் முன்னே, சில நாள் பின்னே, பிறகு ஓய்வு என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

எண்களில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளில் 57,000 பிரிட்டிஷார் இறந்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். 57,470 என்பது காயமுற்றோரும் காணாமற்போனோரும் பிடிபட்டோரும் சேர்ந்த கணக்கு. இறந்தவர்கள் 19,240. அதற்கு முன் ஏழு நாள், சுமார் 15 லட்சம் குண்டுகளைப் பொழிந்தும் ஏன் பலிக்கவில்லை? 20 கி.மீ.க்கு மேல் நீண்ட முனையில் அவை பரவலாகிப் போயின. பெரும்பகுதி வானில் வெடித்து ஈயச் சிறுகுண்டுகளைச் சிதறும் ரகம். எதிரி அகழிக்கு முன்னே விரித்திருக்கும் முள்கம்பியை அறுக்க அது மிகத் துல்லியமாக வெடிக்க வேண்டும், ஆழத்து அறைகளையோ தொடக்கூட முடியாது. கணிசமானவை வெடிக்கவே இல்லை.

‘அகழியை உடைக்கவே முடியவில்லை’ என்பதுதான் பாடப்புத்தகங்களில் அதிகம் காணும் தவறு. உடைத்தார்கள், பலமுறை. 1915 மார்ச் 10, வட பிரான்சின் நியூவ் ஷாப்பெல் கிராமத்தில் பிரிட்டிஷ் படை. 35 நிமிடப் பீரங்கிக் குண்டுவீச்சு, பிறகு தாக்குதல். காலையிலேயே கிராமம் கையில். தாக்கியவர்களில் ஏறத்தாழப் பாதி இந்தியப் படைப்பிரிவினர். (வெள்ளையர்களுக்குள் நடந்த சண்டை என்று எழுதுபவர்கள் அங்குள்ள நினைவுச்சின்னத்தில் இருக்கும் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்களைக் கணக்கில் எடுக்க வேண்டும்.) சிக்கல் அதற்குப் பிறகுதான். தொலைபேசிக் கம்பிகள் குண்டில் அறுந்தன. செய்தி ஓட்டக்காரர் கையில் போனது. மேலிடத்து உத்தரவு திரும்பி வருவதற்குள் மணிகள் ஓடிவிட்டன. பீரங்கிக் குண்டும் தீர்ந்துகொண்டு வந்தது. தற்காப்பவனுக்குத் துணைப்படை ரயிலில் வரும். தாக்குபவன் குண்டு பிளந்த நிலத்தில் நடந்து, பீரங்கியையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். மார்ச் 12இல் எல்லாம் நின்றுபோனது. கிடைத்தது சுமார் 2 கி.மீ. ஆழம். அடுத்த மூன்று ஆண்டுகளும் பெரும்பாலும் இதே கதைதான்.

அந்த முடிச்சை டாங்கி அவிழ்த்தது என்று முடிப்பதும் அவசர முடிவு. 1918 மார்ச்சில் ஜெர்மானியர் பிரிட்டிஷ் வரிசையைப் பிளந்தபோது அவர்களிடம் டாங்கி இருந்தது பெயருக்குத்தான். ஐந்து மணி நேரக் குண்டுவீச்சும், வலுவான இடங்களை விட்டுவிட்டு இடுக்கில் புகுந்து போகும் சிறு குழுக்களும்தான் வேலை செய்தன. நேச நாடுகளின் பக்கம் பீரங்கிக்கலையே மாறிவிட்டது. எதிரிப் பீரங்கி இருக்குமிடத்தை அதன் ஓசையை வைத்தே கணித்தார்கள். முன்கூட்டிச் சுட்டுப் பார்க்காமல் வரைபடத்தைக் கொண்டே குறிவைத்தார்கள். சில நிமிடத்துக்கு 100 கஜம் என்று முன்னே நகர்ந்து விழும் பீரங்கிக் குண்டுத்திரைக்குப் பின்னால் காலாட்படை ஒட்டி நடந்தது. டாங்கி இவற்றுக்குத் துணை. 1918 ஆகஸ்ட் 8, வட பிரான்சின் அமியென்ஸில் 400க்கு மேற்பட்டவை கிளம்பின. மறுநாள் ஓடும் நிலையில் இருந்தவை 145. பன்னிரண்டாம் தேதி ஆறு.