மலையூர்களுக்கான நிகழ்ச்சிப் பட்டியலை எழுதும் முறை

ஏற்காடு ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளிலும் கூத்துக்கும் பாட்டுக்கும் பயிற்சி வகுப்புக்கும் குறைவில்லை. எங்கே, எப்போது, எப்படிப் போவது என்ற செய்திதான் உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்வதில்லை. நாகலூரில் நடப்பது மாரமங்கலத்துக்கு மறுநாள்தான் தெரிகிறது. இக்குறையைத் தீர்க்க மாதத்துக்கு ஒரு தாள் போதும். அதை எழுதப் பொறுப்பான ஒருவரும், அவருக்குச் செய்தி தரும் நான்கைந்து பேரும் வேண்டும். வாசகசாலை நடத்துபவரோ ஆசிரியரோ கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ, யார் வேண்டுமானாலும் இதை எடுத்துச் செய்யலாம்.

முதலில், நாள் உறுதியாகத் தெரிந்தவற்றை ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களும் அவற்றுள் முதன்மையானவை. பல சிற்றூர்க்காரர்கள் ஓரிடத்தில் கூடுவதால், அவரவர் ஊரில் நடக்கவிருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும். அவற்றின் நாட்களை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அறிவிப்பதால், அறிவிப்பு வரும்வரை மாதத்தை மட்டும் எழுதி இடம் விட்டு வைக்க வேண்டும். அதே மே மாதத்தில்தான் மலையுச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் மலைமக்கள் திரள்வார்கள்.

அம்மன் பண்டிகைகளின் கணக்கு வேறு. மாரியம்மன் பண்டிகையின் நாள், அம்மனுக்குப் பூப்போட்டுப் பண்டிகையைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டின்போதுதான் ஊராருக்கு உறுதியாகும். அன்றிலிருந்து எண்ணித்தான் கம்பம் நடுதல், பொங்கல், கூத்து என எல்லாவற்றையும் வகுப்பார்கள். ஆகவே பட்டியல் எழுதுபவர் பூசாரியிடமும் ஊர்க்கவுண்டரிடமும் பேச்சுவார்த்தை வைத்திருந்து, பூச்சாட்டிய மறுநாளே செய்தியைப் பெற்றுவிட வேண்டும். ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் அந்நகரின் குகை என்னும் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலத்துக்கும் மலையிலிருந்து பலர் இறங்குவதால், அந்த நாட்களில் மலையில் வேறு நிகழ்ச்சி வைக்க நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கூத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறு அதிகம் நேர்வது அங்கேதான். கூத்து ஒரு தேதியில் தொடங்கி அடுத்த தேதியில் முடிகிறது. "22ஆம் தேதி கூத்து" என்று மட்டும் எழுதினால், 21ஆம் தேதி இரவே வந்து காத்திருப்பவரும் உண்டு, 22 விடிந்த பிறகு வந்து வெறுந்திடலைப் பார்ப்பவரும் உண்டு. "சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு" என்று நம் பெரியவர்கள் சொல்லும் வழக்கையே எழுத்திலும் கொள்ள வேண்டும். தமிழ் மாதத் தேதியையும் சேர்த்தால் ஐயத்துக்கே இடமிராது. மத்தளமும் முகவீணையும் முழங்கத் தொடங்கும் நேரம் ஒன்று, கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் திரைக்கு முன் வரும் நேரம் மற்றொன்று என்பதால் இரண்டையும் தனித்தனியே கேட்டு எழுத வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருப்பதால், அனுமதி பெற்றாகிவிட்டதா என்று நடத்துபவரிடம் கேட்டறிந்த பிறகே தாளில் சேர்க்க வேண்டும். துக்க வீட்டுக் காரியத்துக்கு ஆடும் கூத்தை மட்டும், குடும்பத்தார் தாமாகச் சொன்னாலன்றி, பட்டியலில் எழுதக் கூடாது.

கற்றல் நிகழ்ச்சிகளில் வயதையும் கட்டணத்தையும் விடாமல் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, சேலத்திலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 12 முதல் 25 வயதுக்கு உட்பட்டோர் நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் போன்றவற்றைப் பயிலலாம். சேர்க்கை தொடங்கும்போது அச்செய்தி எஸ்டேட் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகள்வரை போய்ச் சேர வேண்டும், ஏனெனில் பாடவும் கொட்டவும் கைவந்த பிள்ளைகள் அங்கே பலர் இருக்கிறார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், குறிப்பாக டிசம்பர், ஜனவரி மாதங்களில், வேலை நாட்களில் பகல் வகுப்பு வைப்பது கூலியை இழந்து வரச் சொல்வதாகும். அத்தகைய நிகழ்ச்சியைக் கண்டால், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற இயலுமா என்று நடத்துபவரைக் கேட்டுப் பார்ப்பதும் பட்டியல் எழுதுபவரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கிழமை, நேரம், இடம், கட்டணம் ஆகியவற்றோடு, போய்வரும் வழியையும் எழுத வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காட்டிலிருந்து உள்ளூர்களுக்குப் போகும் சாலைகளில் இரவில் காட்டுமாடுகள் குறுக்கிடும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் தங்க இடம் உண்டா என்பதைச் சொல்லாத அறிவிப்பு மலையூர்க்காரருக்குப் பாதி அறிவிப்புதான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியப் பயிற்சிக்கு நான் எழுதிய தாளில் முடியும் நேரம் விடுபட்டுப்போனது. பேத்தியை அழைத்து வந்த ஒரு பாட்டியம்மா, வண்டி போய்விடுமோ என்ற கவலையில், பிள்ளை வண்ணம் தீட்டத் தொடங்கிய நேரத்தில் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து முடியும் நேரத்தைத்தான் முதலில் கேட்டு எழுதுகிறேன்.

மாதிரிக்கு ஒன்று: "சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு, மாசி 10. மாரியம்மன் கோயில் திடலில் தெருக்கூத்து. மத்தளம் 9 மணி, கூத்து 10 மணி, விடியற்காலை 5 மணிக்கு முடியும். கட்டணம் இல்லை. வெளியூரார் பள்ளித் திண்ணையில் தங்கலாம். விடிந்ததும் முதல் பேருந்து 6 மணிக்கு. மழை வந்தால் மறுநாள் இரவு."

மழை பற்றிய அந்தக் கடைசி வரியை எந்த மாதத்திலும் விடக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டதை நாம் பார்த்தோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மாற்று நாளும், விசாரிக்க ஓர் எண்ணும் இல்லாத நிகழ்ச்சியைத் தாளில் சேர்க்காமல் இருப்பதே மேல். அந்த எண் ஊராட்சி அலுவலகத்துடையதாகவோ நூலகத்துடையதாகவோ இருக்கட்டும். தனியார் எண்ணை, அதிலும் பெண்களின் எண்ணை, அவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது.

தாளைத் தடித்த எழுத்தில் எழுதி, ரேஷன் கடை, தேநீர்க் கடை, பேருந்து நிற்குமிடம், பள்ளி வாசல் ஆகிய இடங்களில் ஒட்ட வேண்டும். இவற்றுள் ரேஷன் கடையையே நான் முதலாவதாகக் கொள்வேன். பொருள் போடும் நாளில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வரிசையில் நிற்பார், படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படித்தால் தெரியாதவரும் கேட்டுக்கொள்வார். கைப்பேசியில் படமாக அனுப்புவதும் பயன்தரும். ஆனால் சிக்னல் எட்டாத ஊர்களுக்குப் பேருந்து நடத்துநரிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

நிகழ்ச்சி நின்றுபோனால், ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "நடைபெறாது" என்று எழுத வேண்டும். தாளின் அடியில் எழுதிய தேதி இருக்க வேண்டும்; அடுத்த மாதத் தாளை ஒட்டும்போது பழையதைக் கிழித்தெடுத்துவிட வேண்டும்.