ராஜினாமா கடிதத்துக்கு முன்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்று சொன்ன வாரத்திலேயே வேலையை விட்டுவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்காக எதையும் விடத் துணியும் அந்த மனத்தை மதிக்கிறேன். ஆனால் கலங்கிய நேரத்தில் எடுக்கும் அந்த முடிவு பெரும்பாலும் அவசர முடிவாகிவிடுகிறது. சிங்கப்பூரில், வளர்ச்சியில் பின்தங்கும் சிறு பிள்ளைகளுக்காக நடத்தப்படும் ‘ஈபிக்’ (EIPIC) எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் வாரத்துக்கு 5 முதல் 12 மணி நேரம் பயிற்சி தருகிறார்கள். எந்த நிலையம், எந்தக் கிழமை, காலையா மாலையா என்பதெல்லாம் இடம் உறுதியான பிறகே தெரியவரும். அதற்குள் வேலையை விட்டால் சம்பளத்தோடு, ஊழியரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குச் (CPF) செல்லும் சந்தாவும் நின்றுபோகும். 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலாளி செலுத்தும் பங்கு மட்டுமே 17 விழுக்காடு. வீட்டுக் கடனை அந்த நிதியிலிருந்து கட்டிவரும் குடும்பம் நாளடைவில் கைப்பணத்தில் கட்ட வேண்டிவரும். சிகிச்சைச் செலவும் கூடும் காலம் அது.

வேலையில் தொடர்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மேலதிகாரியிடம் பொத்தாம்பொதுவாகப் பேசுவது. “பையனுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் காய்ச்சல் என்றுதான் அவர் நினைப்பார். மறுமாதமும் நீங்கள் தாமதமாக வந்தால் எரிச்சல்படுவார். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி எழுதிக் கேட்டால், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் கடிதம் இப்படித் தெளிவாக இருக்க வேண்டும்:

“செவ்வாய், வியாழக்கிழமைகளில் காலை 9 முதல் 11 மணி வரை மகனுக்குப் பயிற்சி. அவ்விரு நாள்களிலும் 11.30 மணிக்கு வேலையைத் தொடங்கி இரவு 8.30க்கு முடிக்க அனுமதி வேண்டுகிறேன். ஜனவரி முதல் ஜூன் வரை இந்த ஏற்பாடு தேவை. காலைக் கூட்டங்களை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளக் குழுவினர் இசைந்துள்ளனர்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘வேலை யார் தலையில் விழும்?’ என்பதே மேலதிகாரியின் கவலை. அதற்கான பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

விடுப்பை ஆண்டுத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுவது இன்னொரு தவறு. சிங்கப்பூர்க் குடிமகனான பிள்ளைக்கு 7 வயது ஆகும்வரை பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 7 முதல் 12 வயது வரை 2 நாள்தான். அம்மாவின் விடுப்பெல்லாம் மார்ச் மாதத்துக்குள் கரைந்துபோக, அப்பாவின் 6 நாள் அப்படியே காலாவதியாவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் பேசுவதைக் கேட்க அப்பாவும் போக வேண்டும். பிள்ளையின் நிலை அவருக்கும் புரிய வேண்டாமா?

7 வயதை எட்டும் ஆண்டு இன்னும் கடினமானது. அதுவரை முழுநாள் பாலர் பராமரிப்பு நிலையம் கைகொடுத்திருக்கும். சிறப்புக் கல்விப் பள்ளியில் சேர்ந்ததும் பிற்பகலில் வகுப்பு முடிந்துவிடும். ஜூனில் 4 வாரம், ஆண்டிறுதியில் ஏறத்தாழ 6 வாரம் பள்ளி விடுமுறை வேறு. பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போதே சிறப்பு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் உண்டா என்று விசாரியுங்கள். டிசம்பர் வரை தள்ளிப்போட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லாமல் போகலாம்.

எல்லாவற்றையும் இல்லப் பணிப்பெண்ணிடமே ஒப்படைத்துவிடுவதும் ஆபத்து. 16 வயதுக்குட்பட்ட குடிமகனான பிள்ளை வீட்டில் இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். அது நல்ல உதவி. ஆனால் பணிப்பெண்ணின் வேலை அனுமதி பொதுவாக 2 ஆண்டுக்குத்தான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் படஅட்டைகளில் ‘பல் துலக்கு’, ‘காலுறை போடு’ என்று எந்த வரிசையில் காட்டுவது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் ஊருக்குப் போகும் நாளில் பிள்ளை தவித்துப்போகும். பாட்டிக்கும் கற்றுக்கொடுங்கள். அட்டையில் தமிழிலும் எழுதினால் போதும், பாட்டி பிடித்துக்கொள்வார். பராமரிப்பாளர் பயிற்சிக்கு அரசாங்க மானியமும் உண்டு.

பலரும் தள்ளிப்போடுவது சேம நிதி வாரிசு நியமனத்தை. உயில் எழுதினாலும் சேம நிதிப் பணம் அதில் அடங்காது. சாதாரணமாக நியமித்தால் மொத்தத் தொகையும் ஒரேயடியாகப் பிள்ளையின் பெயருக்குப் போய்விடும். சிறப்புத் தேவையுடையோர் சேமிப்புத் திட்டத்தின் மூலம் நியமித்தால், பெற்றோரின் காலத்துக்குப் பிறகு அது மாதந்தோறும் பிரித்துத் தரப்படும். இதற்கு ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி என்ற லாபநோக்கற்ற அறக்கட்டளை நிறுவனம் மூலம் விண்ணப்பிக்கலாம்.