ஆட்டோ இம்யூன் நோய்: எதிர்ப்பு சக்தியைக் கூட்டப் போய் வம்பில் மாட்டாதீர்கள்

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்று நோயின் பெயர் தெரிந்ததும், "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு, அதான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்புறம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியும் டானிக்கும் வரிசையாக வரும். முதல் தவறே இதுதான். இங்கே சக்தி குறையவில்லை, ஆள் தெரியாமல் சொந்த உடலையே அடிக்கிறது. இதைத்தான் ஆட்டோ இம்யூன் நோய் என்கிறோம்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்களுக்குப் பரீட்சை. சொந்த உடலின் புரதங்கள்மேல் பாய்கிற செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். தப்பி வெளியே வருபவற்றை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. அவை பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்தக் காவல் தளரும்போது நோய் தலைகாட்டுகிறது. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை, பெரும்பாலும் வருவதில்லை. புகைபிடித்தல் போன்ற வெளிக்காரணங்களும் சேர வேண்டியிருக்கிறது.

அடுத்த தவறு, ஏஎன்ஏ (செல்லின் கருவைத் தாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் ரத்தச் சோதனை) ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் லூபஸ் என்று முடிவுகட்டுவது. அந்தச் சோதனையில் என்ன நடக்கிறது தெரியுமா? நம் ரத்தத்தின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் திரவத்தை, நீர்க்கச் செய்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருக்கும் மனித செல்கள்மேல் விடுவார்கள். செல்லின் கருவை எதிர்க்கும் ஆன்டிபாடி இருந்தால் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். எத்தனை மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் ஒளிர்கிறது என்பதுதான் 1:80, 1:160 என்ற எண்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே சுமார் 13 சதவீதம் பேருக்கு 1:80இல் ஒளிர்கிறது! அறிகுறி, சிறுநீரில் புரதம், மற்ற ஆன்டிபாடிகள் எல்லாம் சேர்ந்தால்தான் நோய். நோய் உறுதியான பிறகு ஏஎன்ஏவை மாதாமாதம் திரும்பப் பார்ப்பதும் வீண். நோய் ஏறியதா இறங்கியதா என்று அது சொல்லாது.

சோதனைக்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறவர்களும் உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயோ என்ற சந்தேகத்தில் கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தால், நோய் இருந்தும் 'நெகட்டிவ்' வரலாம். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில தைராய்டு சோதனைகளைக் குழப்பிவிடும்; லேபில் சொல்லிவிடுங்கள்.

காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது, கணுக்கள் வீங்குகின்றன, ஆனாலும் வலி மாத்திரையிலேயே வருடம் ஓடுகிறது என்றால் அது பெரிய இழப்பு. முடக்குவாதம் மூட்டை அரிப்பது பெரும்பாலும் ஆரம்ப வருடங்களில்தான்.

மருந்துக்கு வருவோம். 1948இல் முதன்முதலாக முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது சில நாட்களிலேயே எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபலும் கிடைத்தது. பக்கவிளைவுகள் பின்னால்தான் தெரிந்தன. ஸ்டீராய்டு என்றாலே பயப்படுவது இன்றும் தொடர்கிறது, ஆனால் அதைவிட ஆபத்து சட்டென்று நிறுத்துவது. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்கு அதிகம் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: இந்த நோய்களுக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் விழுங்கி எலும்பு மஜ்ஜை பாதித்து இறந்தவர்கள் உண்டு. சீட்டில் கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள், 'திங்கள் மட்டும்' என்பதுபோல. போலிக் அமிலத்தை மறக்க வேண்டாம். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கருவுக்கு இது ஆகாது.

கடைசியாக, முதல் வகை சர்க்கரை நோய். இதுவும் ஆட்டோ இம்யூன்தான். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் கணையத்தில் மிச்சமிருக்கும், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தேறும். ஊசியின் அளவு குறையும். "சரியாயிடுச்சு" என்று நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். சில மாதங்களில் அந்தச் செல்களும் போய்விடும், இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும், வாந்தியும் மூச்சிரைப்புமாக அவசர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்க வேண்டிவரும்.